முயலுக்குச் சட்டை தைக்கும் முன்

கதைப் புத்தகத்தில் முயல் சட்டை போடும். நரி கண்ணாடி அணிந்து தீர்ப்புச் சொல்லும். காகம் குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகும். இவற்றைப் பார்த்து எந்தப் பிள்ளையும் "இது பொய்" என்று புத்தகத்தை மூடி வைப்பதில்லை. விலங்கு பேசுவதை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அதே நரியின் கால் மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தால், காகத்தின் இறக்கை தோளிலிருந்து விரியாமல் முதுகில் ஒட்டவைத்தது போலிருந்தால், காரணம் சொல்லத் தெரியாமலேயே அந்தப் படம் நமக்குப் பிடிக்காமல் போகிறது. பேசும் விலங்கை நம்பவைக்கும் வேலையில் பாதியை அதன் எலும்புகளே செய்கின்றன.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். மனிதரைப் போல நடமாடும் விலங்குகளைக் கதைக்காகவோ கார்ட்டூனுக்காகவோ வரைய ஆசைப்படும் மாணவி, முதலில் உண்மையான விலங்கின் உடலைப் படிக்க வேண்டும். அதற்குப் பாடசாலை இடம் கொடுக்க வேண்டும். பெற்றோர் அதை வீண்வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நான் நுகேகொடையில் வசிப்பவள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். என் உயிரியல் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் பூனைகளும் காகங்களும் குடியிருக்கின்றன. "டொக்டராகப் போற புள்ளைக்கு இந்தப் பூனைப் படமெல்லாம் என்னத்துக்கு?" என்று உம்மா அடிக்கடி கேட்பார். கேள்வி நியாயமானது. என்னைப் போன்ற பல மாணவிகளின் வீடுகளிலும் இதே கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு நியாயமான ஒரு பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தையல் தெரிந்த வீடுகளில் ஒரு விடயம் எல்லோருக்கும் தெரியும். தோள், மார்பு, இடை, கை நீளம் என்று அளவெடுக்காமல் யாரும் துணியில் கத்தரிக்கோல் வைப்பதில்லை. கரடிக்குக் கோட்டும் பூனைக்குப் பாவாடையும் போட்டு வரைபவரும் ஒரு தையற்காரரே. பூனையின் தோள் எங்கே இருக்கிறது? மனிதருக்குக் காறை எலும்பு இரு தோள்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறது. அதனால்தான் நமது தோள் அகலமாகவும் மார்பு தட்டையாகவும் இருக்கின்றன. பூனையின் காறை எலும்போ மிகச் சிறியது; வேறெந்த எலும்போடும் பொருந்தாமல் தசைக்குள் கிடக்கிறது. தோள்பட்டை எலும்புகள் முதுகில் இல்லாமல் உடலின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. தலை நுழையும் இடுக்கில் பூனையின் உடலும் நுழைந்துவிடுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே ஒரு பூனையை நிமிர்த்தி இரண்டு காலில் நிற்கவைத்தால், அதன் கைகள் நம்முடையவை போல உடலின் பக்கங்களில் தொங்காது. நெஞ்சுக்கு முன்னால்தான் தொங்கும். இது தெரிந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பூனையின் தோளை அப்படியே வைத்துச் சட்டையை அதற்கேற்ப மாற்றலாம். அல்லது மனிதத் தோளைக் கொடுத்துவிட்டு, தலையிலும் வாலிலும் நடையிலும் பூனையை மீட்டுக்கொள்ளலாம். தெரியாதவருக்கு மனித உடலில் பூனைத் தலையை ஒட்டுகின்ற ஒரே வழிதான் உண்டு.

கால்களிலும் இதே கதைதான். நாய்க்கும் பூனைக்கும் பின்னங்கால் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அல்ல, குதிகால். நாயும் பூனையும் விரல்களில் நடக்கின்றன. குதிகால் எப்போதும் நிலத்துக்கு மேலேயே நிற்கிறது. உண்மையான முழங்கால் வயிற்றோடு ஒட்டி மேலே இருக்கிறது; அது நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் நிற்கிறது. ஆடும் குதிரையும் இன்னும் ஒரு படி மேலே போய், நகத்தின் நுனியில், அதாவது குளம்பில் நிற்கின்றன. ஆட்டின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று காட்டுமிடம் உண்மையில் அதன் மணிக்கட்டு. கரடியும் குரங்கும் நம்மைப் போலப் பாதத்தை ஊன்றி நடப்பவை. இந்த மூன்று வகையையும் விளங்கிக்கொண்டால், எந்த விலங்கையும் நிமிர்த்தி நிற்கவைக்க முடியும். எந்த விலங்குக்குச் சப்பாத்து பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதும் தெரிந்துவிடும்.

இதைப் படிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. நமது சமையலறையே போதும். கோழி வெட்டும்போது ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இறக்கையின் முதல் துண்டில் ஒரே எலும்பு. அது நமது மேற்கை. இரண்டாவது துண்டில் இரண்டு எலும்புகள்; அது நமது முன்கை. கடைசியில் எறிந்துவிடும் நுனிதான் கை. பிள்ளைகள் சண்டை பிடித்து எடுக்கும் கால்துண்டு கோழியின் கெண்டைக்கால். அதற்குக் கீழே மஞ்சளாகச் செதில் படர்ந்திருக்கும் பகுதி பாதம். கோழியும் விரலில்தான் நடக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சி பங்கிடும்போது எந்த மூட்டு எங்கே கழலும் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த அறிவு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதைப் பென்சிலுக்குக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கார்ட்டூன் என்பதே எளிமையான வடிவம். இரண்டு வட்டமும் நான்கு கோடும் போட்டால் ஒரு முயல் வந்துவிடுகிறதே, அதற்கு எலும்புப் படிப்பு எதற்கு?

எளிமையாக வரைவதென்றால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவு செய்ய வேண்டும். முழுவதையும் அறிந்தவரால்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். இதற்கு உலகில் நல்ல உதாரணங்கள் உண்டு. நீலச் சட்டை போட்ட முயலை உலகுக்குத் தந்த பீட்ரிக்ஸ் பொட்டர் சிறு வயதிலிருந்தே முயல், எலி, முள்ளெலி என்று பல விலங்குகளை வீட்டில் வளர்த்து வரைந்தவர். இறந்த விலங்குகளைக் கொதிநீரில் அவித்து எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்துத் தம்பியோடு சேர்ந்து ஆராய்ந்தவர். 1902 ஆம் ஆண்டு வெளியான அவரது முதல் முயல் கதையில் ஒரு நுட்பமான இடம் உண்டு. சட்டையும் சப்பாத்தும் இருக்கும்வரை முயல் மனிதப் பிள்ளையைப் போல நிமிர்ந்து நடக்கிறது. சப்பாத்து பறிபோனதும் நான்கு காலில் பாய்ந்து ஓடுகிறது, ஓட்டமும் வேகமாகிறது. உடையைக் கழற்றியதும் உள்ளே ஓர் உண்மையான முயல் இருக்கிறது. பொட்டருக்கு முயலின் எலும்பு தெரிந்திருந்ததால் அது முடிந்தது.

1942 இல் வெளியான 'பாம்பி' திரைப்படத்துக்காக டிஸ்னி நிறுவனம் இரண்டு உயிருள்ள மான்குட்டிகளைக் கலைக்கூடத்துக்கே கொண்டுவந்து வைத்திருந்தது. விலங்குகளின் உடலமைப்பைக் கற்பிக்க ரீக்கோ லெப்ரன் என்ற ஓவியரை அமர்த்தி, கலைஞர்களுக்கு வகுப்பு நடத்தியது. 2016 இல் வந்த 'ஸூட்டோப்பியா' படத்தில் பொலிஸ் சீருடை அணிந்த முயலைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழுவினர் விலங்குகளைக் கவனிக்கக் கென்யாவரை போய்வந்தார்கள். பல கோடி ரூபாய் செலவழித்துச் சிரிப்புப் படம் எடுப்பவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? பார்ப்பவரின் கண்ணை ஏமாற்ற முடியாது என்பதால்தான்.

கண்ணுக்குக்கூடத் தெரியாமல் போனவையும் உண்டு. பாய்ந்தோடும் குதிரையை ஓவியர்கள் நெடுங்காலமாக முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிய நிலையில் வரைந்து வந்தார்கள். 1878 இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் தொடர்ச்சியாகப் புகைப்படங்கள் எடுத்துக் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு காலும் நிலத்தைவிட்டு எழும் அந்தக் கணத்தில், கால்கள் நீண்டிருப்பதில்லை; வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேர்ந்திருக்கின்றன. பெரிய ஓவியர்கள்கூடப் பழைய ஓவியங்களைப் பார்த்தே வரைந்து வந்ததால், அந்தத் தவறு ஓவியத்திலிருந்து ஓவியத்துக்குத் தாவியிருக்கிறது.

இந்தத் தாவல் இன்று நம் வீட்டிலேயே நடக்கிறது. சிறுவர் நூல் ஒன்றை அண்மையில் என் சாச்சியின் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அது போல இன்னும் பல இருக்கின்றன. இலங்கைக் காட்டில் நடக்கும் கதை. அதில் வரும் யானை அம்மாவுக்கு விசிறி போன்ற பெரிய காதுகள், நீண்ட இரண்டு தந்தங்கள். அது ஆபிரிக்க யானை. நமது யானையின் காது சிறியது. நமது யானைக்கு முதுகு வளைந்து உயர்ந்தது. உடலில் மிக உயர்ந்த இடம் தலை. ஆபிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளமாகவும் தோள் உயர்ந்தும் இருக்கும். அதன் துதிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சிகள் இரண்டு. நமது யானைக்கு ஒன்று. இலங்கையில் பெண் யானைகளுக்கு நீண்ட தந்தம் வளர்வதில்லை. ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. யானை நிறைந்த நாட்டில் பிறந்த ஒரு பிள்ளை, தன் நாட்டு யானை எப்படியிருக்கும் என்று தெரியாமலேயே யானையை நேசித்து வளர்கிறது. வரைந்தவர் யானையைப் பார்க்கவில்லை. வேறொருவர் வரைந்த யானையைப் பார்த்திருக்கிறார்.

இதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. நமது தமிழ்ச் சிறுவர் நூல்களில் நான் பார்த்த பலவற்றில் இணையத்திலிருந்து இறக்கிய அணிலும் நரியும் கரடியுமே இருக்கின்றன. மூன்று வரி போட்ட நமது அணில் மாமரத்தில் ஓடித்திரிய, புத்தகத்தில் செந்நிறக் குஞ்ச வால் அணில் கொட்டை கடிக்கிறது. நமது காட்டு முயல், கூண்டில் வளர்க்கும் முயலிலிருந்து வேறுபட்டது. அது வளை தோண்டி வாழ்வதில்லை; புல்லுக்குள் பதுங்கும். அதன் குட்டி கண் திறந்தே, உடலில் மயிரோடே பிறக்கிறது. இவை தெரிந்தால் கதையே மாறும். வளையில்லாத ஒரு முயல் எங்கே ஒளியும்? அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு கதை பிறக்கலாம்.

நமது நாட்டில் இந்தப் பாதையில் முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா' என்ற சிங்களச் சிறுவர் கதை 1956 இல் வெளியாகிப் பல மொழிகளுக்குப் போனது. கிராமத்து மாமா ஒருவர் பட்டணத்திலிருந்து வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகத் திருட்டுப் போகின்றன. திருடன் யாரென்று தேடிப்போனால் அது ஒரு குரங்கு. வெத்தசிங்க ஓவியக் கல்லூரியில் பயின்றவரல்லர். அவரது கோடுகள் மருத்துவ நூலின் கோடுகள் போன்றவையும் அல்ல. நினைத்தபடி நெளிந்து விளையாடுபவை. "பார்த்தாயா, எலும்பு படிக்காமலேயே அவர் சாதித்தாரே" என்று யாரும் கேட்கலாம். ஏற்றுக்கொள்கிறேன், புத்தகத்தால் மட்டுமே படிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதை எதில் தங்கி நிற்கிறது என்று பாருங்கள். கண்டதைப் பறித்துக்கொண்டு மரத்துக்குப் போகும் குரங்கின் உண்மைக் குணத்தில்தான். குரங்கைக் கவனித்த கண் இல்லாமல் அந்தக் கதை இல்லை.

இன்னொருவர் ஜீ. எம். ஹென்றி. 1891 இல் இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அவர் கொழும்பு நூதனசாலையில் நீண்டகாலம் பணியாற்றினார். இலங்கைப் பறவைகள் பற்றி அவர் எழுதி, அவரே படங்களும் வரைந்த நூல் 1955 இல் வெளியானது. அவர் வரைந்தவை கதாபாத்திரங்கள் அல்ல. ஆனால் கதைக்காக ஒரு கொக்கையோ மீன்கொத்தியையோ வரைய விரும்பும் மாணவிக்கு, பறவையை எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தர அவரைவிட நல்ல ஆசான் இங்கே கிடைப்பது கடினம்.

இனி, பெற்றோர் மனதில் இருக்கக்கூடிய வேறொரு தயக்கத்தையும் நான் தாண்டிப் போக முடியாது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து நமது உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதை ஒரு மாணவியின் கட்டுரை தீர்த்துவைக்க முடியாது. நான் அதற்கு முயலவும் மாட்டேன். மார்க்கம் அறிந்தவர்களிடம் கேட்டு ஒவ்வொரு குடும்பமும் தெளிவு பெற வேண்டிய விடயம் அது. ஆனால் படைப்பினங்களை உற்றுநோக்கிக் கற்பது நமக்குப் புதியதோ அந்நியமோ அல்ல என்று மட்டும் சொல்வேன். ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது என்று சிந்திக்கும்படி குர்ஆன் மனிதரை அழைப்பதை நாம் அறிவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவைச் சேர்ந்த அல்-ஜாஹிழ் விலங்குகளைப் பற்றியே பல பாகங்கள் கொண்ட ஒரு பெருநூல் எழுதினார். அதற்கு முந்திய நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபுக்குக் கொண்டுவந்த 'கலீலா வ திம்னா'வில் இரண்டு நரிகள்தான் பெயர் கொடுத்த பாத்திரங்கள். நமது பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை அவை. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த நூலின் பிரதிகள் படங்களோடு எழுதப்பட்டன. சிங்கம் அரசவை கூட்டுவதும் நரி ஆலோசனை சொல்வதும் அவற்றில் உண்டு.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூரின் பெயரையும் சொல்ல வேண்டும். 1621 இல் அரசருக்கு ஒரு வரிக்குதிரை பரிசாக வந்தது. கோடுகள் யாரோ பூசிய சாயமோ என்று சிலர் சந்தேகித்தார்கள். ஆராய்ந்த பிறகே அது இயற்கை என்று தெளிந்தார்கள். மன்சூர் அந்த வரிக்குதிரையைக் கோடு கோடாகப் பார்த்து வரைந்தார். அழிந்துபோன டோடோப் பறவையை உயிரோடு பார்த்து வரைந்த மிகச் சில ஓவியங்களில் ஒன்றும் மன்சூருடையது என்று கருதப்படுகிறது. இன்று அந்தப் பறவை எப்படியிருந்தது என்று ஆராய்பவர்கள் அந்த ஓவியத்தையும் தேடிப் பார்க்கிறார்கள். கவனமாகப் பார்த்து வரைந்த படம் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு சாட்சியாக நிற்கிறது.

அடுத்தது, காலமும் பரீட்சையும். சாதாரண தரத்தில் சித்திரத்தில் சிறந்த பெறுபேறு பெற்ற ஒரு தோழி எனக்கு இருக்கிறாள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கிடைத்ததும் தன் வர்ணப் பெட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். "இனி நேரமில்ல" என்றாள். கலைப்பிரிவில் சித்திரம் படிக்கும் இன்னொரு தோழிக்கு விலங்குகள் என்றால் உயிர். ஆனால் எலும்பும் தசையும் "சயன்ஸ் பிள்ளைகளின் பாடம்" என்று நினைத்து அந்தப் பக்கமே வருவதில்லை. ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தேவை. இருவரும் ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இருக்கிறார்கள். பாடப் பிரிவு என்பது நேரசூசியின் வசதிக்காகப் போட்ட கோடு. அதை நம் தலைக்குள்ளும் போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் நட்டம்.

டொக்டராக வேண்டும் என்று கனவு காணும் பெற்றோருக்கு ஒருவரின் பெயரைச் சொல்கிறேன்: பிராங்க் நெட்டர். அமெரிக்கரான அவர் முதலில் ஓவியம் பயின்றார். ஓவியத்தால் பிழைக்க முடியாது என்று குடும்பத்தார் சொன்னதால் மருத்துவம் படித்து டொக்டரானார். ஆனால் அவரது கை வரைவதை விடவில்லை. 1989 இல் வெளியான அவரது மனித உடற்கூற்றுப் பட நூலை இன்றும் பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் புரட்டிப் புரட்டிப் படிக்கிறார்கள். வரையத் தெரிந்ததால் அவரது மருத்துவம் கெடவில்லை. என் சிறிய அனுபவமும் அதுதான். ஒரு மூட்டை நான்கு தரம் வரைந்தவளுக்கு அதன் பெயரைப் பாடமாக்க வேண்டியதில்லை. கை ஏற்கனவே பாடமாக்கிவிட்டது.

"கணினியிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் சட்டை போட்ட முயலை வரைந்து தருகிறதே" என்பாரும் உண்டு. தருகிறது. ஆனால் அந்த முயலின் பின்னங்காலில் குதிகால் எங்கே, அந்த யானை எந்த நாட்டு யானை என்று யார் சரிபார்ப்பது? தெரிந்தவர்தான் தவறைக் காண்பார். தெரியாதவர் கணினி கொடுத்ததை அப்படியே அச்சுக்கு அனுப்புவார். இயந்திரம் வேகமாக வரைய வரைய, சரியைப் பிழையிலிருந்து பிரிக்கத் தெரிந்த கண்ணின் தேவை கூடத்தான் செய்யும்.

அந்தக் கண்ணை எப்படிப் பெறுவது? வாங்க வேண்டியது கோடு போடாத ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்தான். இறப்பர் வேண்டாம். தெல்கந்தச் சந்தையில் மீன் கடைக்குக் கீழே காத்திருக்கும் பூனையை முப்பது விநாடிக்குள் வரையுங்கள். அழகாக வராது, ஆனால் முதுகெலும்பு வளையும் விதம் கைக்கு வரும். நுகேகொடை ரயில் நிலையத்தருகே கம்பியில் இருக்கும் காகத்தைப் பாருங்கள். பறக்குமுன் அது கால்களை மடக்கித் தாழ்கிறது. காகத்துக்கு நம்மைப் போலப் புருவமில்லை. முகத்தில் சிரிப்பும் அழுகையும் காட்டத் தசையில்லை. அதன் மனநிலையெல்லாம் கழுத்திலும் இறகைச் சிலிர்ப்பதிலும் தலையைச் சாய்ப்பதிலும் இருக்கிறது. சோகமான காகத்தை வரைய வேண்டுமானால் புருவம் போடாதீர்கள், இறகைத் தொங்கவிடுங்கள். அணில் மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும்போது பின்பாதங்களைப் பின்பக்கமாகத் திருப்பி நகங்களால் பட்டையைப் பற்றுவதைக் கவனியுங்கள். ஆட்டின் கண்மணி கிடையாக இருப்பதையும் பூனையின் கண்மணி வெயிலில் நெடுங்கோடாகச் சுருங்குவதையும் பாருங்கள்.

பிறகு எலும்பைப் பார்க்கப் போகலாம். ஹைலெவல் வீதியால் போகும் 138 பஸ்ஸில் ஏறினால் கொழும்பு 7 அதிக தூரமில்லை. அங்கே 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையின் வெண்ணிறக் கட்டடத்தைக் கட்டியவர் நமது சமூகத்தைச் சேர்ந்த வாப்பிச்சி மரிக்கார். அதே வளவில் 1986 முதல் இயற்கை வரலாற்று நூதனசாலையும் இருக்கிறது. நகராமல் நிற்கும் விலங்கை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைய அதைவிட நல்ல இடமில்லை. அசைவைப் பார்க்க, 1936 இல் அரசாங்கம் பொறுப்பேற்ற தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை நுகேகொடைக்கு அருகிலேயே இருக்கிறது. ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கூண்டுக்குள் இருக்கும் விலங்கின் நடை, காட்டில் திரியும் விலங்கின் நடை ஆகாது. அதனால் பெல்லன்வில சதுப்பு நிலத்துப் பறவைகளையும் வாய்க்காலில் நீந்தும் கபரகொய்யாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வீதியில் செத்துக் கிடப்பவற்றைத் தொட வேண்டாம். பொட்டரைப் போல வீட்டில் அவிக்கவும் வேண்டாம். உம்மாமாரின் சார்பில் இதைச் சொல்கிறேன்.

கடைசிப் படி, சேர்ப்பது. விலங்கின் எலும்பமைப்பை ஒரு தாளில் வரையுங்கள். பக்கத்தில் மனித எலும்பமைப்பு. தோளுக்குத் தோள், முழங்காலுக்கு முழங்கால், குதிகாலுக்குக் குதிகால் என்று ஒரே நிறத்தால் அடையாளமிடுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் உங்கள் பாத்திரத்தை நிற்கவையுங்கள். எந்த மூட்டை மனிதருக்குக் கொடுத்தீர்கள், எதை விலங்குக்கே விட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வால் எங்கிருந்து புறப்படுகிறது என்று மறக்காதீர்கள். அது முதுகெலும்பின் தொடர்ச்சி. காற்சட்டையில் அதற்கு ஒரு வழி விட வேண்டும்.

நமது கல்லூரியிடம் மூன்று வேண்டுகோள்கள். தவணைக்கு ஒரு சனிக்கிழமை, சித்திர ஆசிரியையும் உயிரியல் ஆசிரியையும் சேர்ந்து இரு பிரிவு மாணவிகளையும் நூதனசாலைக்கு அழைத்துச் செல்லட்டும். நூலகத்தில் ஓவிய நூல்கள் இருக்கும் தட்டிலேயே விலங்குகளின் உடலமைப்பு நூல் ஒன்றும் இருக்கட்டும். அடுத்த வருட இதழுக்காக உள்ளூர் விலங்குப் பாத்திரங்களை வரையும் ஒரு போட்டி வைக்கட்டும். ஒவ்வொரு படத்துடனும் அந்த விலங்கைப் பார்த்து வரைந்த ஒரு பக்கக் குறிப்பும் இணைக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பெற்றோரிடம் ஒரே வேண்டுகோள்தான். பிள்ளை பூனையை வரைவதைக் கண்டால் "படிக்கல்லயா?" என்று கேட்பதற்கு முன், "இதுட முழங்கால் எங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், அவள் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

தோழிகளே, 2018 இல் கொழும்புக்குச் சர்வதேச ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. இந்த நகரத்துச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை என்றொரு விலங்கு வாழ்கிறது. விரல்களுக்கிடையே சிறிய சவ்வு, முழுதாக உள்ளிழுக்க முடியாத நகங்கள், தண்ணீர் ஊடுருவாத அடர்ந்த உள்மயிர் என்று நீந்தி மீன் பிடிப்பதற்கான எல்லாம் அதற்கு உண்டு. நுகேகொடையில் நாம் தூங்கும் நேரத்தில் வாய்க்கால் ஓரமாக அது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். நான் வாசித்த தமிழ்ச் சிறுவர் கதை எதிலும் அதை இதுவரை சந்திக்கவில்லை. அதற்கு ஒரு பெயரும் ஒரு கதையும் ஒரு மழைக்கோட்டும் கொடுக்கப் போகிறவர் உங்களில் யார்? கோட்டைத் தைக்கும் முன் அளவெடுக்க மறக்காதீர்கள்.